திருச்சுழி வக்கீலின் குமாரர்

புதிதாக ஒன்றைக் கற்க அவகாசமில்லை என்று தேசத்தொண்டர் பலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. நரிக்குடிக்கு அருகாமையிலுள்ள திருச்சுழியில், 1879-ல், வக்கீல் சுந்தரமையருக்குப் பிறந்த ஸ்ரீ ரமண மகரிஷி பள்ளிப் பாடத்தில் சிரத்தை காட்டியவரல்லர். பதினாறு பிராயத்தில், 1896-ல், திருவண்ணாமலை சேர்ந்தார். அங்கே அவருக்குப் பணிவிடை செய்த பழனிசாமி மலையாளி. தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி எழுத்துக்கூட்டித் தவிப்பார். அதைக் காணச் சகியாத மகரிஷி தாமே அவற்றை வாசித்துச் சாரத்தை எடுத்துரைக்கலானார். பிறர்பொருட்டுச் செலவிட்ட அச்சொற்பப் பொழுதே அவருக்குக் கலாசாலையாயிற்று. நாளடைவில் ஸம்ஸ்கிருதம், தெலுங்கு, மலையாளம் மூன்றும் கைவந்தன. 1927-ல் தமிழில் இயற்றிய உபதேச உந்தியாரை அம்மூன்று பாஷைகளிலும் அவரே ஆக்கினார். மௌனத்தையே பெரிதெனக் கொண்டவர் செய்த காரியம் இது! பேச்சே பிழைப்பான நாம் சென்ற வருஷம் வாங்கிய தெலுங்குப் பாலபாடமோ, நமது மேஜைமீது இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.