இழிசொல்லை எதிர்த்து வழக்குரைத்த பண்டிதர்

வசை, பழி, அவதூறு, தூஷணம் எனப் பிறர் பெயரைக் கெடுப்பதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. அவ்வாறு கெடுக்கப்பட்ட பெயரை எடுத்து நிறுத்துவதற்கும் மறுப்பு, கண்டனம், திக்காரம், பரிகாரம் எனப் பல சொற்கள் உண்டு. முன்னதைப் பிறந்த நாள் முதலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் மக்கள். பின்னதைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் பண்டித அயோத்திதாசர் ஆவார்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணியாற்றியவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடி ஆரிங்டன் வழியாகத் தமிழறிஞர் எல்லிஸ் துரையிடம் சேர்ந்தது என்று அயோத்திதாசர் எழுதியுள்ளார். சமையற்காரர் வீட்டில் குறட்சுவடி இருந்தது என்னும் இச்செய்தியை நம் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

இளமையின் ஒரு பகுதியை அவர் நீலகிரியிற் கழித்தார். அங்கே மருத்துவத் தொழிலோடு சமுதாயப் பணியும் தொடங்கிற்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாடு உதகையிற் கூடிற்று. அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளோடு நேரே தொடர்புடையது. பறையர் என்னும் சொல்லை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் ஆள்வோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதே அது. கல்வி, கிணறு, அரசுப்பணி, சிறைச்சாலை விதிகள் பற்றிய கோரிக்கைகளும் உடன் இருந்தன.

இத்தீர்மானத்தின் கூர்மையை அறிய அக்காலச் சட்டத்தைச் சற்றே நோக்குவோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் அவதூறு இன்னதென வரையறுத்தது. ஒருவரை அவருடைய சாதியைப் பொறுத்துப் பிறர் மதிப்பில் தாழ்த்தும் கூற்றும் அதனுள் அடங்கும் என்று விளக்கவுரை சொல்லிற்று. ஆகவே, மேற்சாதியான் ஒருவனைத் தாழ்ந்த சாதியான் என்று சொன்னால் அவனுக்கு மானநட்டம் உண்டு. அதே சொல்லால் நாள்தோறும் நம் மக்களை ஏசினால் யாதொரு நட்டமும் இல்லை. தாழ்ந்தவன் எனக் கொள்ளப்பட்டவனுக்குத் தாழ்வதற்கு இனி என்ன உண்டு என்பதே அதன் உட்பொருள். உதகையிற் கூடியோர் இப்பள்ளத்தின் மேல் விரல் வைத்தனர். சாதியைச் சொல்லிப் பொதுவிடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இடையே கழிந்தவை 98 ஆண்டுகள்.

1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரிப் பிரதிநிதியாக அவர் எழுந்து, கோயிலுக்குள் நம்மவர் நுழைவது பற்றி வினவினார். உங்களுக்கென்று மதுரைவீரனும் கருப்பசாமியும் உள்ளனர் என்னும் பொருள்பட அவையோருள் ஒருவர் விடை தந்தார். அவ்விடையின் வடு அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் இலங்கை சென்று, சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவரலாயிற்று. மறு ஆண்டு முதல் அதன் பெயர் 'தமிழன்' என நின்றது. சமயவாதிகள் ஒருவர் மீது ஒருவர் கண்டன நூல்கள் ஏவிய நூற்றாண்டு அதற்கு முந்தையது. நாவலர் 'சைவ தூஷண பரிகாரம்' என்றே நூலுக்குப் பெயரிட்டிருந்தார். அக்கருவியைப் பண்டிதர் தம் மக்களின் மானத்திற்காகக் கையில் எடுத்தார்.

அவர் மறுத்த கதைகளுள் தலையாயது வள்ளுவரின் பிறப்புக் கதை. பகவன் என்னும் பார்ப்பனருக்கும் ஆதி என்னும் புலைமகளுக்கும் பிறந்தவர் வள்ளுவர் என்பது அக்கதை. புகழ்வது போலத் தோன்றினும், அறிவு தந்தை வழியே வந்தது என்று நிலைநாட்டித் தாயின் குலத்தைத் தாழ்த்துவது அதன் வேலை. பழைய ஏட்டில் இல்லாதவை பின்னாளைய அச்சில் ஏறின என்று அவர் வழக்குரைத்தார். குறள் முதன்முதல் அச்சேறியது 1812இல் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். அரிச்சந்திரன் கதையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மன்னன் சுடுகாட்டுப் பறையனுக்கு அடிமையானான் என்பதைக் கூத்து மேடைதோறும் ஆடிக் காட்டியதால் இழிவு எவ்வாறு ஊரெங்கும் பரவிற்று என்பதை நன்கு உணர்ந்தவர் அவர்.

இழிபெயரைப் பற்றி அவர் கூறிய விளக்கம் துணிவானது. பறைதல் என்றால் சொல்லுதல். வேடதாரிகளின் பொய்ம்மையை ஊரறியப் பறைந்த பூர்வ பௌத்தர்களே, அவர்களுடைய பகைவரால் அப்பெயரிட்டுப் பழிக்கப்பட்டனர் என்றார் அவர். இச்சொற்பிறப்பை மொழியியலார் ஏற்பதில்லை. நாமும் அதனை முடிந்த வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் இழிவு பிறப்பில் இல்லை, யாரோ ஒரு காலத்தில் இட்டது என்னும் அடிப்படையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சமர் என்னும் பெயரையும் ஏற்றாரில்லை. சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றே எழுதி வந்தார்.

அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனார் வேறு வழியில் நடந்தார். 1893இல் 'பறையன்' என்னும் பெயரையே தம் பத்திரிகைக்குச் சூட்டி, அதைத் தலைநிமிர்ந்து விற்றார். 1896இல் பத்திரிகையில் வெளிவந்த கடிதம் ஒன்றின் பேரில் வழக்குத் தொடரப்பட்டு, அவருக்கு 100 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. மைத்துனர் இருவரும் இப்பெயர் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் சொல்லைத் துறந்தார். மற்றவர் சொல்லின் நஞ்சைப் போக்க முயன்றார். இருவரில் எவர் வழி சிறந்தது என்று நம் மன்றங்களில் இன்றும் வாதிடலாம். 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. இராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே அரசு ஆவணங்களில் ஆதி திராவிடர் என்னும் பெயர் ஏறிற்று. பண்டிதர் அதைக் காண இருக்கவில்லை.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவர் மறைந்தார். 'தமிழன்' இதழைத் தாங்கியவர்களுள் பலர் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள். பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் அவ்விதழ் அங்கிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் சிறு நூல்களை மாரிகுப்பம் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பிற்று. பூமிக்கடியில் பொன் வெட்டிய கைகள் பேணிவைத்த அத்தாள்களைக் கொண்டே ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்தார். 1999 முதல் அவை பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வெளிவந்தன.