கம்பளிப்பூச்சிக்கு நூல் கட்டிய ஸ்டெஃபான் கோபெச்: பூச்சி ஹார்மோன் கதை

நன்றாக இலை தின்றுகொண்டிருக்கும் கம்பளிப்பூச்சி, ஒருநாள் திடீரென நிறுத்திவிட்டுக் கூட்டுப்புழுவாக மாறுகிறது. 'இப்போ மாறு' என்று அதற்கு உத்தரவு போடுவது யார்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பூச்சிகளுக்கு ஹார்மோனே கிடையாது என்பதுதான் பரவலான நம்பிக்கை. காரணமும் இருந்தது. சேவலின் விதையை எடுத்துவிட்டால் கொண்டை சுருங்கிவிடும். ஆண் புழுவுக்கு அதையே செய்தாலும், அது ஆண் பூச்சியின் தோற்றத்தோடுதான் வளரும்.

போலந்தில் 1888-ல் பிறந்த உயிரியலாளர் கோபெச், மரங்களை மொட்டையடிக்கும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களை எடுத்துக்கொண்டார். கருவி? வெறும் நூல்தான்! புழுவின் நடு உடம்பில் இறுக்கக் கட்டினார். கடைசியாகத் தோலுரித்த சில நாட்களுக்குள் கட்டினால், முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாக மாறியது. பின்பாதி புழுவாகவே நின்றது. சுமார் 10 நாள் கழித்துக் கட்டினால் இரண்டு பாதியுமே மாறின. மூளையைச் சீக்கிரமே அகற்றினால் மாற்றமே இல்லை. நரம்பை மட்டும் வெட்டினாலோ, வழக்கம்போல மாறியது. அப்படியென்றால் உத்தரவு நரம்பு வழியாகப் போகவில்லை. மூளையிலிருந்து ரத்தத்தில் கலந்துதான் போகிறது.

நரம்பு மண்டலமே ஹார்மோன் சுரக்கும் என்பதற்கு முதல் சான்று இது. 1917-ல் வெளியிட்டார், 1922-ல் ஆங்கிலத்திலும் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1930-களில் லண்டனில் வின்சென்ட் விகிள்ஸ்வர்த் ரத்தம் குடிக்கும் மூட்டை இனப் பூச்சியில் சோதித்த பிறகுதான் கருத்து நிலைபெற்றது.

அதற்குள் போர் வந்துவிட்டது. வார்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கோபெச் கைதானார். 1941 மார்ச் 7-ல், நாஜிகளுக்கு உதவிய நடிகர் இகோ சிம்மைப் போலந்து எதிர்ப்பாளர்கள் சுட்டுக் கொன்றனர். பழிக்குப் பழியாக, நான்கே நாளில் பால்மிரி காட்டில் 21 கைதிகளை ஜெர்மானியர்கள் சுட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபெச். அந்தக் கொலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் ஊகித்த பொருளின் முழு அமைப்பு 1990-ல்தான் வெளிவந்தது. ஜப்பானிய விஞ்ஞானிகள் பட்டுப்புழுவில் அதைக் கண்டறிந்தனர். அது ஒரு பெப்டைட், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றிலும் 109 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் சேர்ந்தது. மூளையிலிருந்து கிளம்பி மார்புப் பகுதிச் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் சுரப்பி எக்டைசோன் என்ற ஹார்மோனைச் சுரக்க, புழு தோலுரிக்கிறது. இதைத் தேடும்போதே பாம்பிக்சின் என்ற இன்னொரு பெப்டைடும் சிக்கியது. அதன் அமைப்பு, நம் உடலில் சுரக்கும் இன்சுலினைப் போலவே இருந்தது.