கணினியைப் பொதுவில் வைத்த பேராசிரியர்

முனைவர் பட்ட ஆய்வுக்காக 1980-களின் தொடக்கத்தில் ஒரு கணினி மையத்தின் வாசலில் நின்றேன். உள்ளே செல்ல ஆய்வு மாணவர்களுக்கு அனுமதி இல்லை. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய நிரலைத் துளையட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டி, சாளரத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் விடை வரும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் பிழைச்செய்தி மட்டுமே வரும். மேலும் ஒரு நாள் வீணாகும்.

சில ஆண்டுகளுக்குப் பின், நான் பணியாற்றிய கல்லூரிக்குத் தனிநபர் கணினி வந்தது. பேசிக் மொழியில் நான்கு வரிகள் எழுதினேன்; விடை உடனே திரையில் தெரிந்தது. அந்த அனுபவத்தை எனக்குச் சாத்தியமாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் கெமெனி என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1926-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கெமெனி. நாஜிக்களின் அச்சுறுத்தலால் அவரது குடும்பம் 1940-இல் அமெரிக்காவை அடைந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் கணக்கீட்டுப் பணிக்கு அழைக்கப்பட்டார். அங்கு ஒரே ஒரு சமன்பாட்டுக்கு விடை காண, துளையட்டை இயந்திரங்களோடு பலர் வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. பின்னர் ஐன்ஸ்டைனின் கணித உதவியாளரானார். 27 வயதில் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

மெயின்ஃப்ரேம் எனப்பட்ட பெருங்கணினிகள் அன்று மிகுந்த விலையுடையவை. ஆகவே இயந்திரத்தின் நேரத்தை மிச்சப்படுத்த மனிதர்கள் காத்திருந்தார்கள். பொருளியல் மொழியில் கூறினால், அருமையான வளம் எதுவோ அதைச் சுற்றியே அமைப்பு முழுவதும் உருவாகியிருந்தது. கெமெனி அதைத் தலைகீழாக்கினார். மாணவரின் நேரமே அருமையானது என்று அவர் கருதினார். இலக்கியமும் வரலாறும் படிப்போரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸுடனும் இளங்கலை மாணவர்களுடனும் இணைந்து, ஒரே பெருங்கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை உருவாக்கினார். அதற்கெனவே எளிய ஆங்கிலச் சொற்களாலான பேசிக் மொழி பிறந்தது. அதன் முதல் நிரல்கள் 1964 மே 1 அதிகாலை 4 மணிக்கு இயங்கின.

1970 முதல் 1981 வரை கல்லூரித் தலைவராக இருந்தார். அப்போதும் வகுப்பெடுப்பதை நிறுத்தவில்லை. 1972-இல் பெண்களுக்கு அக்கல்லூரியின் கதவு திறந்ததும், 1979-இல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமையேற்றதும் அக்காலத்தில்தான்.

இதற்கிடையே தனிநபர் கணினிகள் வந்துவிட்டன. 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினிக்காக, 4 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கும் பேசிக்கை எழுதினர். அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் இயந்திரத்துக்கெனத் தனி வடிவத்தைச் செய்துகொண்டது. ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடவில்லை. இயந்திரத்தை மாற்றிய ஆசிரியர்கள், என்னைப்போலவே, எழுதியதைத் திரும்ப எழுதினார்கள். இயந்திரம் மலிவானது, அதை மாற்றும் செலவோ கற்பவர் தலையில் விழுந்தது.

கெமெனி பழைய பெருமையில் இளைப்பாறியிருக்கலாம். ஆனால், தலைவர் பதவியிலிருந்து விலகிய பிறகு அவரும் கர்ட்ஸும் மீண்டும் நிரல் எழுத அமர்ந்தார்கள். வரி எண்கள் தேவைப்படாத, ஒழுங்கமைந்த கட்டமைப்புடைய, வெவ்வேறு கணினிகளில் மாற்றமின்றி ஓடக்கூடிய ட்ரூ பேசிக் 1985-இல் வெளிவந்தது. கணினியோடு இலவசமாகவே ஏதோ ஒரு பேசிக் கிடைத்தபோது, விலை கொடுத்து வாங்கப் பெரும்பாலோர் முன்வரவில்லை. 1992 டிசம்பர் 26-இல், 66 வயதில் அவர் மறைந்தார்.

வணிகத்தில் அம்முயற்சி பெரிதாக வெல்லவில்லை. எனினும், ஏறத்தாழ அறுபது வயதில் தன் படைப்பின் குறைகளைத் தானே ஒப்புக்கொண்டு திருத்திய அந்தத் துணிவே, கற்பிக்கும் தொழிலில் இருந்த எனக்கு அவர் தந்த பெரிய பாடம். ஃபோர்ட்ரானும் பேசிக்கும் இன்று எனக்குப் பயன்படுவதில்லை. ஒரு சிக்கலைப் படிகளாகப் பிரிக்கும் பழக்கம் மட்டும் இன்றும் பயன்படுகிறது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கட்டணச் சாளரங்களுக்குப் பின்னே நிற்கின்றன. கட்டணம் செலுத்த இயலாத கலைக் கல்லூரி மாணவருக்கும் அவை எட்டுமா? 1964-இல் ஒரு கல்லூரி இக்கேள்விக்கு விடை கண்டது. நம் கல்லூரிகளும் விடை காண வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).