பட்டாணியில் கணக்குப் போட்ட துறவி

தாய் முயல் கறுப்பு. தகப்பன் முயலும் கறுப்பு. ஆனால் அவை போட்ட குட்டிகளில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஒரு துறவி. அவர் பெயர் கிரிகோர் மெண்டல்.

தங்கையின் சீதனம்

மெண்டல் 1822-ம் ஆண்டில் பிறந்தார். ஊர், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்த ஹைன்சண்டார்ப் என்ற சிற்றூர். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. தகப்பனார் ஏழை விவசாயி. பெற்றோர் வைத்த பெயர் ஜோஹான்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஆனால் கையில் காசு இல்லை. 1838-ல் தகப்பனார் மரம் விழுந்து படுகாயம் அடைந்தார். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தக் காசில் அரை வயிறு சாப்பிட்டு மெண்டல் படித்தார். படிப்பு நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, தங்கை தெரசியா தனக்கென ஒதுக்கிய சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்குக் கொடுத்தாள்.

1843-ல் புரூன் நகரில் இருந்த மடத்தில் மெண்டல் சேர்ந்தார். அங்கேதான் கிரிகோர் என்ற பெயர் கிடைத்தது. சோற்றுக் கவலையும் தீர்ந்தது.

பரீட்சையில் தோல்வி

ஆசிரியர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. 1850-ல் பரீட்சை எழுதினார்; தோற்றார். மடத்தார் அவரை வியன்னா பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுத் திரும்பினார். 1856-ல் மறுபடியும் பரீட்சைக்குப் போனார். மறுபடியும் தோல்வி!

அதே 1856-ல்தான், மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

மறைந்த பச்சை

பூ மலருமுன் மொட்டைப் பிரிப்பார். அதில் உள்ள மகரந்தப் பைகளை நீக்குவார். வேறு செடியின் மகரந்தத்தைத் தூவுவார். வண்டு வந்து கெடுத்துவிடாமல் பூவைப் பையால் மூடுவார். இப்படி எட்டு ஆண்டுகளில் சுமார் 28,000 செடிகளை வளர்த்தார்.

மஞ்சள் பட்டாணியையும் பச்சைப் பட்டாணியையும் சேர்த்தார். வந்த விதைகள் எல்லாம் மஞ்சள். பச்சை அழிந்துவிட்டதா? அந்த மஞ்சள் விதைகளை நட்டு, செடிகளைத் தாமே காய்க்க விட்டார். இப்போது 6,022 மஞ்சள், 2,001 பச்சை! மூன்றுக்கு ஒன்று.

பச்சை அழியவில்லை, ஒளிந்து இருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று தகப்பன் தருவது. மற்றொன்று தாய் தருவது. மஞ்சள் பங்கு ஒன்று இருந்தாலும் விதை மஞ்சளாகவே தெரியும். இரண்டும் பச்சைப் பங்காக அமைந்தால்தான் பச்சை தெரியும். நான்கில் ஒரு முறை அப்படி அமையும். இதுதான் மெண்டல் கண்ட கணக்கு.

கவனிப்பார் இல்லை

1865-ல் புரூன் நகர இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தில் இதை விளக்கினார். 1866-ல் கட்டுரை அச்சாயிற்று. 40 பிரதிகள் வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. நேகெலி என்ற தாவர நிபுணர் பதில் எழுதினார். ஆனால் அவரும் அதன் பெருமையை உணரவில்லை.

பிறகு ஹைரேசியம் என்ற செடியில் மெண்டல் பல ஆண்டுகள் பாடுபட்டார். கணக்கு ஒத்து வரவில்லை. அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தம் சேராமலே விதை தரும். இது அன்று அவருக்குத் தெரியாது.

1868-ல் அவர் மடத்தின் தலைவர் ஆனார். பின்னர் அரசு மடங்கள் மீது வரி போட்டது. அந்த வழக்கிலேயே அவருடைய கடைசிக் காலம் கழிந்தது. தங்கை செய்த உதவியை அவர் மறக்கவில்லை. அவள் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்.

1884 ஜனவரி 6-ந் தேதி மெண்டல் காலமானார். வயது 61. நல்ல துறவி போனார் என்று ஊரார் அழுதார்கள். பெரிய விஞ்ஞானி போனார் என்று உலகம் அறியவில்லை.

பாம்பிலும் அதே கணக்கு

1900-ல் மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியே ஆராய்ந்து, மெண்டலின் கட்டுரையைக் கண்டெடுத்தார்கள். 34 ஆண்டுகள் மறைந்து கிடந்த உண்மை வெளியே வந்தது.

இன்று பாம்பு வளர்ப்போருக்கும் அவர்தான் ஆசான். அமெரிக்காவில் விஷம் இல்லாத சோளப் பாம்பைப் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். அதன் உடலில் செம்மையும் கறுப்பும் கலந்திருக்கும். கறுப்பே இல்லாத செம்பாம்பும் உண்டு. அதைச் சாதாரணப் பாம்புடன் சேர்த்தால், பெரும்பாலும் குட்டிகள் எல்லாம் சாதாரணமாகவே இருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தம்முள் சேர்ந்தால், நான்கில் ஒன்று செம்பாம்பு. இது சராசரிக் கணக்கு. 12 முட்டை இட்டால் மூன்றுதான் கிடைக்கும் என்பது இல்லை; இரண்டும் கிடைக்கலாம், ஐந்தும் கிடைக்கலாம்.

சாதாரணப் பாம்பு ஒன்றில் அந்தக் குணம் ஒளிந்திருக்கிறதா என்று அறிய வேண்டுமா? அதைச் செம்பாம்புடன் சேர்க்க வேண்டும். ஒரு செங்குட்டி பிறந்தாலும் போதும், ஒளிந்திருப்பது உறுதி.

இரண்டு முறை பரீட்சையில் தோற்றவர் போட்ட கணக்கு, உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று பாடமாக இருக்கிறது.