ஏரி அமைத்த ஆட்சியர்

தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது உதகமண்டலம். உதகை என்றும் ஊட்டி என்றும் மக்கள் இதனை அழைப்பர். சுற்றுப்பயணிகள் படகில் சென்று மகிழும் ஏரியையும் இந்நகரையும் உருவாக்கியவர் ஜான் சலிவன்.

சலிவன் 1788ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1815ஆம் ஆண்டு கோயம்புத்தூரின் ஆட்சியரானார். நீலகிரியின் குளிர்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்ட அவர், 1819ஆம் ஆண்டு சனவரியில் அடர்ந்த காடுகளைக் கடந்து மலையேறி, கோத்தகிரிக்கு அருகே உள்ள மேட்டுநிலத்தை அடைந்தார். வெப்பத்தால் நோயுற்ற கம்பெனி ஊழியர்கள் உடல்நலம் தேற இதுவே ஏற்ற இடம் என்று அவருக்குத் தோன்றியது. எனவே, மலைக்குப் பாதை அமைக்க ஏற்பாடு செய்தார்.

பின்னர், உதகையில் தோடர்களிடம் நிலம் வாங்கி, 1822ஆம் ஆண்டு அங்கு ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினார். அந்நகரின் முதல் ஐரோப்பியர் வீடு அதுவே. மக்கள் அதனைக் 'கல் பங்களா' என்று அழைத்தனர். அடுத்து, பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி ஏரியை உருவாக்கினார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலியவற்றையும் பயிரிடச் செய்தார்.

ஊர் வளர வளர, நிலத்தின் தேவையும் பெருகியது. தலைமுறை தலைமுறையாக எருமைகளை மேய்த்து வந்த தோடர்களின் புல்வெளிகள் குறைந்தன. சலிவனும் அவர்களிடம் மிகக் குறைந்த விலைக்கே நிலம் வாங்கியிருந்தார். ஆயினும், அம்மலைநிலம் தோடர்களுக்கே உரியது என்று அவர் அரசாங்கத்திடம் வாதாடினார். மேலதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. பின்னர், நகர நிர்வாகமும் அவர் கையைவிட்டு இராணுவ அதிகாரியிடம் சென்றது.

1838ஆம் ஆண்டு சலிவனின் மனைவியும் மகளும் இறந்தனர். உதகையிலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். 1841இல் இங்கிலாந்து திரும்பிய சலிவன், 1855ஆம் ஆண்டு காலமானார்.

கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியின் ஒரு பகுதியாக உள்ளது. ஏரியோ முன்பைவிடச் சிறுத்துவிட்டது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் முன்னாளில் ஏரி இருந்த இடத்தில்தான் அமைக்கப்பட்டன. நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தோடர்கள் இன்றும் வாழ்கின்றனர். உதகையின் வரலாறு அதனை உருவாக்கியவரின் கதை மட்டுமன்று. அவருக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களின் கதையும் ஆகும்.