வேலையை விட்டார், வீடு திரும்பினார்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

வேலை, வேலை என்று ஓடிக்கொண்டிருக்கும் நம்மிடம் ஒருநாள் உடலே போதும் என்று சொல்லிவிடுகிறது. தூக்கம் வருவதில்லை. சோறு இறங்குவதில்லை. பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறோம். ஈமான் குறைந்தவர்களுக்குத்தான் இப்படி வரும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் மறைத்தும் கொள்கிறோம். ஆனால் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று போற்றப்படும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே இந்நிலை வந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை. தமது வாழ்க்கையை விவரிக்கும் அல்முன்கித் மினள் ளலால் என்ற நூலில் வெளிப்படையாக எழுதி வைத்தார்கள்.

இமாமவர்கள் கி.பி. 1058இல் (ஹிஜ்ரி 450) குராசானின் தூஸ் நகரில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். பின்னர் நிஷாப்பூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்றார்கள். 1091இல் செல்ஜுக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க், பக்தாதின் புகழ்பெற்ற நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியர் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். அப்போது இமாமவர்களுக்கு வயது 33தான். அவர்களிடம் 300 மாணவர்கள் பாடம் கேட்டார்கள். கற்பித்தல், நூல் எழுதுதல் ஆகியவற்றுக்கு இடையே கிடைத்த நேரத்தையும் தத்துவ நூல்களை ஆராய்வதில் செலவிட்டார்கள். ஓய்வு என்பதே இல்லை.

1092இல் நிஜாமுல் முல்க் படுகொலை செய்யப்பட்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக் ஷாவும் இறந்தார். வாரிசுகளுக்குள் போர் மூண்டது. வெளியே நிலைமை இப்படி மாறிக்கொண்டிருக்க, இமாமவர்களின் உள்ளத்தையோ வேறொரு கேள்வி அரித்தது. நாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்பதே அந்தக் கேள்வி.

1095ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 488 ரஜபில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. பக்தாதை விட்டுப் போய்விடலாம் என்று ஒருநாள் முடிவெடுப்பார்கள். மறுநாள் அந்த முடிவு கலைந்துவிடும். கடைசியில் மாணவர்கள் முன் அமர்ந்தபோது ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாவு கட்டுண்டுவிட்டது. உண்ட ஒரு கவளமும் செரிக்கவில்லை. உடல் மெலிந்தது. இது உள்ளத்திலிருந்து வந்த நோய், உள்ளத்தின் கவலை தீராமல் மருந்து பலிக்காது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாதவராக இமாமவர்கள் அல்லாஹ்விடம் மன்றாடினார்கள். பதவியையும் புகழையும் விடுவது அதன் பின்னரே எளிதாயிற்று. ஆனால் பொறுப்புகளை அப்படியே உதறிவிட்டு ஓடவில்லை. பாடம் நடத்தத் தம்பி அஹ்மதை அமர்த்தினார்கள். தமக்கும் பிள்ளைகளின் உணவுக்கும் போதுமானதை வைத்துக்கொண்டு, மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பக்தாதைவிட்டுப் புறப்பட்டார்கள்.

டமாஸ்கஸில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கி, பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்து வணக்கத்தில் ஈடுபட்டார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். ஹஜ்ஜும் செய்தார்கள். அதன் பிறகு அவர்களை ஊருக்கு இழுத்தது பதவியல்ல, பிள்ளைகளின் அழைப்பு. திரும்பவே கூடாது என்று எண்ணியிருந்தவர்கள் வீடு திரும்பினார்கள்.

வீட்டில் எல்லாம் அமைதியாக இருந்துவிடவில்லை. குடும்பத் தேவைகளும் வருமானக் கவலையும் தனிமையைக் குலைத்தன. மன அமைதி அவ்வப்போதுதான் கிடைத்தது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்காக இரண்டில் எதையும் விடவில்லை. 40 நூல்களைக் கொண்ட இஹ்யா உலூமித்தீன் இந்தக் காலத்தின் கனி. அதில் தொழுகையும் நோன்பும் மட்டுமல்ல, உண்பது, திருமணம், சம்பாதிப்பது ஆகியவற்றின் ஒழுங்குகளும் இடம்பெற்றன.

1106இல் நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க் அழைக்க, நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். வேலை அதேதான், நிய்யத் வேறு. பிறகு தூஸில் தம் வீட்டருகிலேயே மதரஸாவும் கான்காவும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுதல், பாடம், நல்லோருடன் அமர்தல் என நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பக்தாதிலிருந்து மறுபடி அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார்கள். 1111 டிசம்பர் 18 அன்று சொந்த ஊரிலேயே வஃபாத்தானார்கள்.

நம்மால் இரண்டு ஆண்டுகள் மினாராவில் போய் அமர முடியாது. அமரவும் வேண்டியதில்லை. உடல் எச்சரிக்கும்போது கேட்கலாம். மனச்சுமையை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லலாம். சுமையில் ஒரு பங்கை நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். யாருக்காக இவ்வளவு உழைக்கிறோமோ அந்தப் பிள்ளைகள் கூப்பிடும்போது போகலாம்.

உழைப்பில் பரக்கத்தையும் உள்ளத்தில் அமைதியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.