தையல்காரர் மகனும் என் இன்வர்ட்டரும்

நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் இன்வர்ட்டர் ஓடும். கூடவே மின்விசிறி உறுமும். பழைய சதுர அலை இன்வர்ட்டர், வேறென்ன செய்யும்? அந்த உறுமலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் ஞாபகம் வருவார். வகுப்பில் ஃபோரியர், ஃபோரியர் என்று படித்தோமே, அவர்தான். புதுச்சேரிக்காரர்களாவது ஃபூரியே என்று சரியாகச் சொல்லலாம்!

ஜோசப் ஃபூரியே 1768-ல் ஓசேர் நகரில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தார். பத்து வயது வாக்கில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பீரங்கிப் படையில் சேர ஆசைப்பட்டார். உயர்குடிப் பிறப்பு இல்லாததால் இடம் கிடைக்கவில்லை. புரட்சியின்போது 1794-ல் சிறைக்குப் போய் உயிர் தப்பினார். 1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனார். திரும்பி வந்ததும், 1802-ல் கிரெனோபிளில் நம்மூர் கலெக்டர் மாதிரி ஒரு பதவி. சதுப்பு நிலத்தை வடிப்பது, சாலை போடுவது என்ற அலைச்சலுக்கு நடுவே, பொருள்களில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டார்.

1807-ல் அந்தக் கட்டுரையைப் பாரிசில் சமர்ப்பித்தார். மூலை முடுக்கு உள்ள வளைவைக்கூட சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்றார். பெரியவர் லாக்ரான்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. வழவழப்பான அலைகளைக் கூட்டினால் செங்குத்தான மூலை எப்படி வரும்? 1812-ல் பரிசு கொடுத்தார்கள், அதிலும் நிரூபணம் போதாது என்ற குறையோடு. புத்தகம் வந்தது 1822-ல். பதினைந்து வருஷம்! 1830-ல் பாரிசில் காலமானார்.

அவர் இல்லாமல் நம் துறையில் ஓர் அடி நகர முடியாது. 50 ஹெர்ட்ஸ் சதுர அலையைப் பிரித்தால், 150-ல் மூன்றில் ஒரு பங்கு, 250-ல் ஐந்தில் ஒரு பங்கு என்று உதிரி அலைகள் வரும். மின்விசிறியின் உறுமல் இவற்றால்தான். ஒவ்வொரு அரை அலையிலும் 180 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி மட்டும் வோல்ட்டேஜ் கொடுத்தால் மூன்றாவது ஹார்மானிக் காணாமல் போய்விடும். சாலிடரிங் அயர்னைத் தொடாமல் பேப்பரிலேயே கண்டுபிடிக்கலாம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் கம்ப்யூட்டரில் 25 அலைகளைக் கூட்டிச் சதுர அலை வரைந்தேன். மூலையில் கொம்பு மாதிரி, தாவலில் சுமார் 9 சதவீதம் எகிறியது. அலைகளைக் கூட்டக் கூட்டக் கொம்பு ஒல்லியானதே தவிர உயரம் குறையவில்லை. வில்பிரகாம் 1848-லும் கிப்ஸ் 1899-லும் விளக்கிய கொம்பு அது. லாக்ரான்ஜின் சந்தேகத்திலும் விஷயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு ஆசிலாஸ்கோப்பிலும் அதே இடத்தில் ஒரு கொம்பு. கிப்ஸ்தானே என்று அலட்சியமாக வோல்ட்டேஜை ஏற்றினேன். மாஸ்ஃபெட் பட்டென்று வெடித்தது! அது கணக்கில் முளைத்த கொம்பு இல்லை. கரண்ட் சட்டென்று நிற்கும்போது, நீளமாக இழுத்திருந்த ஒயரின் இண்டக்டன்ஸ் கிளப்பிய நிஜக் கொம்பு. ஒயரைக் குட்டையாக்கி ஸ்னப்பர் போட்டதும் அடங்கியது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. திரையில் கொம்பு தெரிந்தால் அது கணக்கில் பிறந்ததா, ஒயரில் பிறந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். சுண்ணாம்பாறு படகுத்துறைப் பக்கம் வந்தால் வீட்டுக்கும் வாருங்கள். கரண்ட் போனால் ஃபூரியேயின் குரலைக் கேட்கலாம். இன்வர்ட்டரை நான் இன்னும் மாற்றவில்லை.